அவர் போன் இன்னும் அடிச்சுக்கிட்டே இருக்குங்க

வணக்கங்க மேடம்,

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில செக்கிங் வேலை பாக்கறேன், வயசு 39, பேர் மட்டும் போட வேண்டாங்க. எங்கூட்டுக்காரர் போய் இந்த மாசத்தோட அஞ்சு மாசம் ஆச்சு. 45 வயசுதான். ஒரே நிட்டிங் கம்பெனில ஒன்பது வருஷம் சூப்பர்வைசரா இருந்தாரு, ஒரு நாள் நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து நெஞ்சு எரியுதுன்னு படுத்தாரு, நானும் கேஸா இருக்கும்னு நினைச்சு சோடா வாங்கிக் குடுத்துட்டு வேலைக்குக் கெளம்பிட்டேன், பத்து மணிக்கு பாப்பா போன் பண்ணுது அப்பா பேசவே மாட்டேங்கிறாருன்னு. கோயம்புத்தூர் கொண்டு போய் நாலு நாள் ஐசியூல வெச்சிருந்தும் பிரயோஜனம் இல்லீங்க.

ஆஸ்பத்திரிக்கு மட்டும் 2,60,000 ஆச்சு. என்னோட அஞ்சு பவுன சொசைட்டில வெச்சு 1,50,000, கொழுந்தனார் 80,000, அவர் கம்பெனி ஓனர் 30,000 குடுத்தாரு. காரியச் செலவுக்குப் பத்தாம 3 வட்டிக்கு 20,000 வாங்கினேன். அது போக எம்பேர்ல இருக்கிற குழு லோன் இன்னும் 31,000 பாக்கி, வண்டி டியூ மாசம் 3,400. வாடகை கட்டுப்படியாகலைன்னு லைன் வீட்டுக்கு மாறினோம், பழைய வீட்டு ஓனரு பெயிண்ட் அடிக்கோணும் அது இதுன்னு அட்வான்ஸ்ல 12,000 பிடிச்சுக்கிட்டாரு, நான் அந்தக் காச நம்பித்தான் பையன் ஸ்கூல்ல சொல்லி வெச்சிருந்தேன். எனக்கு வாரம் மூவாயிரம் வந்தாப் பெருசு, ஆர்டர் இல்லாத வாரம் அதுவும் இல்ல.

இதெல்லாம் கூட எனக்குத் தெரிஞ்ச கடன், எப்படியோ சமாளிக்கலாம்னு இருந்தேங்க. முப்பது கும்பிட்ட மறுநாள் ஒருத்தர் வந்தாரு. எங்கூட்டுக்காரரு ஒரு பைனான்ஸ்ல 1,35,000 பர்சனல் லோன் எடுத்திருக்கிறாருன்னு பேப்பரக் காட்டினாரு, கையெழுத்து அவருதுதான், நல்லாத் தெரியுது. எதுக்கு வாங்கினாரு, காசு எங்க போச்சு, ஒண்ணுமே தெரியல மேடம். பதினெட்டு வருஷத்துல ஒரு டீ குடிச்சாக் கூட எங்கிட்ட சொல்ற மனுசன். அன்னைக்கு ராத்திரி அவர் போட்டோவுக்கு வெளக்குப் போடல நானு. அப்புறம் செத்தவர் மேல கோவப்படறேனேன்னு குளிச்சுட்டு வந்து நடுராத்திரில போட்டேன்.

அவர் போன இன்னும் சார்ஜ் போட்டு வெச்சிருக்கறேன். அதுல எனக்கு அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாம் இருக்குது, கறி வாங்கட்டுமா மீன் வாங்கட்டுமான்னு கேக்கறதுதான், ஆனா குரல் இருக்குதுல்லங்க. அதே போனுக்குத்தான் பைனான்ஸ்காரங்க கூப்படறாங்க. காலைல ஏழு மணிக்கு ஒரு தரம், ராத்திரி ஒம்பதுக்கு ஒரு தரம். அவரு வெச்ச ரிங்டோன். ஆஃப் பண்ணவும் மனசு வரல, அடிச்சா வயிறு கலக்குது. தபால்ல வந்தது, பேங்க் பேப்பர், அவரு சட்டைப் பைல இருந்த சீட்டு, எல்லாத்தையும் ஒரு சூட்கேஸ்ல போட்டு கட்டலுக்கு அடில தள்ளிட்டேன், அஞ்சு மாசமாத் தொறக்கல. இன்னும் என்னத்தப் பாக்கப் போறனோன்னு பயமா இருக்குங்க.

கடைசியா வந்தப்ப அந்த ஆளு, நீங்க சம்சாரம்தானே, நீங்கதான் கட்டோணும், மாசம் 4,500 கட்டறேன்னு இந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடுங்கன்னாரு. அக்கம்பக்கம் பாக்குதேன்னு பத்தாம் தேதி வாங்க போட்டுத் தரேன்னு சொல்லிட்டேன். குழு மீட்டிங்ல ரெண்டு வாரம் மத்தவங்க எனக்காகக் கட்டினாங்க, இப்ப அந்தத் தெரு வழியாவே போறதில்ல. கொழுந்தனார் வாயத் தொறந்து கேக்கல, அவங்க சம்சாரம் ஒரு விசேசத்துல எங்க காசும் சேந்து போயிருச்சுன்னு நாலு பேருக்கு முன்னாடி சொன்னாங்க. பாப்பா கவர்மென்ட் ஸ்கூல்ல பிளஸ் டூ முடிச்சிருக்கு, காலேஜ் வேண்டாம் நானும் கம்பெனிக்கு வரேங்குது. பையன் ஒம்பதாவது, அவங்கப்பா வண்டிய தெனமும் தொடச்சு வெக்கறான். தூக்கம் ரெண்டு மணி நேரம் வந்தா அதிசயம். சில நாள் விடியக்காலைல நானும் போயிட்டா இந்தச் சத்தமெல்லாம் நின்னுருமேன்னு தோணுதுங்க. யார்கிட்டயும் சொல்லல, உங்ககிட்டதான் சொல்றேன்.

ஒரு சகோதரி, திருப்பூர்

---

அன்புச் சகோதரிக்கு,

கடைசில எழுதினதுக்கு முதல்ல வரேன். போயிட்டா சத்தம் நின்னுரும்னு தோணுதுன்னு எழுதியிருக்கீங்க. அதை எங்கிட்ட சொன்னதுக்கு நன்றி. அஞ்சு மாசம் தூங்காத உடம்பு, ஒரு பக்கம் துக்கம், ஒரு பக்கம் கடன்காரர், இதுல விடியக்காலை மூணு மணிக்கு மனசு இப்படிப் பேசறது நான் நிறையப் பேர்கிட்ட கேட்டிருக்கேன், ஆனா அதுக்காக அப்படியே விட்டுடக் கூடாது. அந்த நினைப்பு வர்ற நேரத்துல 14416க்கு போன் பண்ணுங்க, டெலிமானஸ்னு அரசாங்கம் நடத்தற மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழ்ல பேசலாம். எப்படிப் போறதுன்னு மனசு வழி யோசிக்க ஆரம்பிச்சதுன்னா பக்கத்துல தூங்கற பாப்பாவையே எழுப்பிடுங்க, பிள்ளையை பயமுறுத்தறோமேன்னு யோசிக்காதீங்க. இந்த வாரமே கவர்மென்ட் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல தூக்கம் இல்லைன்னு ஒரு தடவை காட்டிட்டு வாங்க. தூக்கம் கொஞ்சம் வந்தாத்தான் நான் கீழ சொல்றது எதையும் உங்களால செய்ய முடியும்.

அடுத்து பத்தாம் தேதி. அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடாதீங்க. அவர் எடுத்த லோன்ல நீங்க சேர்ந்து கையெழுத்துப் போடலை, ஜாமீனும் நிக்கலைன்னா, சம்சாரமா இருக்கிற ஒரே காரணத்துக்காக அது உங்க கடன் ஆகாது. அவர் விட்டுட்டுப் போன சொத்து இருந்தா அந்த அளவுக்குத்தான் சட்டப்படி கேட்க முடியும், உங்க வாரச் சம்பளத்துல கேட்க முடியாது. ஆனா அந்தப் பேப்பர்ல நீங்க கையெழுத்துப் போட்ட நிமிஷம் அது உங்க கடனா மாறிடும், அவங்க அவசரப்படறதே அதுக்குத்தான். வர்றவர்கிட்ட சண்டை வேண்டாம், "லோன் பேப்பர் ஜெராக்ஸ், ஸ்டேட்மெண்ட், இந்த லோனுக்கு இன்சூரன்ஸ் இருக்கா இல்லையான்னு எழுத்துல குடுங்க, வக்கீல்கிட்ட காட்டிட்டு சொல்றேன்"னு மட்டும் சொல்லுங்க. வக்கீலுக்குக் காசு ஏதுன்னு யோசிக்காதீங்க, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு கோர்ட் வளாகத்துலேயே இருக்கும், பெண்களுக்கு வருமானம் பார்க்காம இலவசமா வக்கீல் தருவாங்க, 15100னு போன் பண்ணியும் கேக்கலாம்.

காலைல ஏழுக்கும் ராத்திரி ஒன்பதுக்கும் கூப்பிடறதும் தப்பு. வசூல் போன் காலைல எட்டுக்கு முன்னாடியும் சாயந்தரம் ஏழுக்கு அப்புறமும் வரக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு, குழு லோனுக்கு இன்னும் கறாரா ஒன்பதுல இருந்து ஆறு வரைக்கும்தான். வர்ற நேரத்தை ஒரு நோட்டுல குறிச்சு வைங்க, அந்த பைனான்ஸுக்கே எழுத்துல புகார் குடுங்க, ஒரு மாசத்துல சரியாகலைன்னா 14448ல ரிசர்வ் பேங்க் ஆளுங்க மேற்கொண்டு என்ன செய்யணும்னு வழி சொல்வாங்க.

இப்ப அந்த சூட்கேஸ். உங்க லெட்டரை நான் மூணு தடவை படிச்சேன், மூணு தடவையும் அங்கதான் நின்னேன். தொகையைப் பார்க்க நீங்க பயப்படற மாதிரி எனக்குத் தெரியலைங்க, தொகையெல்லாம் பைசா சுத்தமா எனக்கு எழுதியிருக்கீங்களே. பதினெட்டு வருஷம் கூட இருந்த மனுசன் பத்தி இன்னொரு தெரியாத விஷயம் உள்ள இருந்துடுமோன்னுதான் பயம். இறந்தவர் மேல கோவப்படக் கூடாதுன்னு நம்ம ஊர்ல எல்லாரும் சொல்லித்தான் வளர்த்திருக்காங்க, அதனால அந்தக் கோவம் வெளிய வர வழியில்லாம உங்களையே திங்குது. விளக்குப் போடாம இருந்தீங்க, அப்புறம் எந்திரிச்சுக் குளிச்சுட்டுப் போட்டீங்க. ரெண்டுமே நீங்கதான், ரெண்டுமே அவர் மேல இருக்கிற உரிமைலதான். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே"ன்னு அந்தப் போட்டோ முன்னாடி உக்காந்து வாய் விட்டுத் திட்டுங்க, ஒரு பாவமும் வராது. எதுக்கு வாங்கினாருன்னு பாஸ்புக்கில் என்ட்ரி போட்டா ஓரளவு தெரியலாம், தெரியாமலே போகவும் போகலாம், அதையும் இப்பவே சொல்லிடறேன். அப்புறம் அந்த சோடா. நெஞ்சு எரிச்சல்னு சொன்னவருக்கு சோடா வாங்கிக் குடுக்காத வீடு நம்ம ஊர்ல எது? உங்களுக்குத் தெரிஞ்ச நல்லதைத்தான் செஞ்சீங்க.

நீங்க பயந்து தொறக்காம வெச்சிருக்கிற அதே சூட்கேஸ்ல உங்களுக்கு வரவேண்டிய பணத்துக்கான பேப்பரும் இருக்கலாம்னுதான் இதை இவ்வளவு சொல்றேன். ஒன்பது வருஷம் ஒரே கம்பெனி, அவருக்கு பிஎஃப் பிடிச்சாங்களா? சம்பளச் சீட்டுல பாருங்க, யூஏஎன்னு ஒரு 12 இலக்க நம்பர் இருக்கும். பிஎஃப் இருந்தா, வேலைல இருக்கும்போதே இறந்தவங்க குடும்பத்துக்கு அதோட சேர்ந்த இன்சூரன்ஸ் ஒண்ணு உண்டு, இடிஎல்ஐன்னு சொல்வாங்க, அதுக்குன்னு சம்பளத்துல தனியா பிடிக்க மாட்டாங்க, அதனால வாங்கறவங்களுக்கே தெரியறதில்ல. ஒரு வருஷத்துக்கு மேல தொடர்ந்து வேலை பார்த்திருந்தா குறைஞ்சது 2,50,000, அதிகபட்சம் 7,00,000 வரைக்கும். அது போக பிஎஃப்ல சேர்ந்த பணம், மாசா மாசம் உங்களுக்கு விதவை பென்ஷன், ரெண்டு பிள்ளைகளுக்கும் 25 வயசு வரைக்கும் தனி பென்ஷன். பிஎஃப்ல வர்ற பணத்தை அவரோட கடனுக்காக யாரும் பிடிக்க முடியாது, சட்டத்துலேயே அப்படித்தான் இருக்கு. ஓனர் 30,000 குடுத்த மனுசன், அவர்கிட்டயே போய் ஃபார்ம்ல கையெழுத்துக் கேளுங்க, அங்க இழுத்தடிச்சா நேரா பிஎஃப் ஆபீஸ்.

அவரோட பேங்க் பாஸ்புக்கில் மே மாசக் கடைசில 436 ரூபா கழிஞ்சிருக்கான்னும் பாருங்க. கழிஞ்சிருந்தா அது பிரதம மந்திரி ஜீவன் ஜோதி இன்சூரன்ஸ், 2,00,000 வரணும், பேங்க்லதான் கேக்கணும், இன்னும் தள்ளிப் போடாதீங்க. உங்க குழு லோன்லயும் வாங்கும்போதே இன்சூரன்ஸ்னு ஒரு தொகை பிடிச்சிருப்பாங்க, அது பெரும்பாலும் வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான், அப்படி இருந்தா அந்த 31,000 பாக்கியே முடிஞ்சிருக்கணும். மீட்டிங் நடக்கிற தெருவை விட்டுச் சுத்திப் போறீங்களே, அந்தக் கேள்வியைக் கேட்கவாவது ஒரு தடவை உள்ள போங்க. உங்களுக்காகக் கட்டின அந்த ரெண்டு வாரமும் அவங்க முகம் சுளிச்சாங்கன்னு நீங்க எங்கயும் எழுதலையே.

பணம் வந்தா முதல்ல அந்த 3 வட்டிக் கடனை அடைங்க, மாசம் 600 ரூபா சும்மா போகுது. நகைக்கு வட்டியாவது கட்டி ஏலத்துக்குப் போகாம பாத்துக்கோங்க. கொழுந்தனார்கிட்ட நீங்களே போய், பிஎஃப் பணத்துக்கு எழுதிப் போட்டிருக்கேன், வந்ததும் தரேன்னு சொல்லிடுங்க, அவர் சம்சாரமும் இருக்கும்போதே சொல்லுங்க. பயந்தவங்க பேச்சு அப்படித்தான் சபைல வந்து விழும், அந்த வீட்டுலயும் 80,000 லேசான காசா இருந்திருக்காது. வண்டி விஷயத்தை மட்டும் பையனைப் பக்கத்துல வெச்சு, கணக்கைக் காட்டி, அவனையும் கேட்டு முடிவு பண்ணுங்க. ஒருநாள் ஸ்கூல் விட்டு வரும்போது வண்டி காணோம்னு ஆகிடக் கூடாது. பாப்பாவை கம்பெனிக்கு அனுப்பாதீங்க, தயவு செஞ்சு. ஆறாவதுல இருந்து கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சிருந்தா காலேஜ் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 வரும், அது பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் ஆச்சு. அவங்கப்பா இடத்தை அவ நிரப்பணும்னு நினைக்கிறா, பதினேழு வயசுல அது அவ வேலை இல்லைன்னு நீங்க வாய் விட்டுச் சொன்னாத்தான் அவளுக்குத் தெரியும்.

சூட்கேஸைத் தனியாத் தொறக்காதீங்க. கூடப் பிறந்தவங்களோ செக்கிங் டேபிள்ல பக்கத்துல நிக்கிறவங்களோ ஒருத்தரை ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பிடக் கூப்பிடுங்க, சாப்பிட்டுட்டு வெளிச்சம் இருக்கும்போதே தொறங்க. கடன் பேப்பர் ஒரு பக்கம், வரவேண்டியது ஒரு பக்கம், என்னன்னு தெரியாதது ஒரு பக்கம்னு மூணாப் பிரிச்சு வைங்க, ஒரு மணி நேரம் ஆனதும் மூடிடுங்க, மிச்சம் அடுத்த ஞாயிறு. அவர் கையெழுத்தைப் பார்த்து அழுகை வந்தா அழுங்க, கூட இருக்கிறவங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், சும்மா உக்காந்திருந்தாப் போதும்னு முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க.

போனை ஆஃப் பண்ணச் சொல்ல மாட்டேன். சிம்மையும் இப்ப கேன்சல் பண்ணாதீங்க, அவர் பேங்க் வேலைக்கு அந்த நம்பர் தேவைப்படலாம். இன்னைக்கு ராத்திரி பாப்பாகிட்ட சொல்லி அந்த வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் அவ போனுக்கும் உங்க போனுக்கும் ஏத்தி வைங்க. அப்புறம் பைனான்ஸ்காரர் நம்பர்களுக்கு மட்டும் சத்தமே வராத மாதிரி வெச்சுக் குடுக்கச் சொல்லுங்க, பாப்பாவுக்குத் தெரியும். அந்த ரிங்டோன் அவருதாவே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்