ஹோபி பேக்கர்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கே: நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்க ஆட்டக்காரர் ஹோபி பேக்கர், ஐஸ் ஹாக்கியில் எந்த இடத்தில் ஆடினார்?

ப: ரோவர். இன்று அந்த இடமே கிடையாது. அப்போது அணிக்கு ஏழு பேர், ரோவர் தடுக்கவும் வருவார், கோல் அடிக்கவும் ஓடுவார். முன்பக்கம் பாஸ் கொடுக்கக் கூடாது என்பதால் பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) தானே தள்ளிக்கொண்டு போகிற ஆளுக்குத்தான் மவுசு. ஹோபி குனிந்தே பார்க்க மாட்டார். பள்ளி நாட்களில் உறைந்த குளத்தில், இருட்டில், தனியாகப் பழகியவர். பக் மட்டையில் இருக்கிறதா என்பது கைக்கே தெரிந்துவிடும்.

கே: தயான் சந்தா, இவரா, யார் பெரிய ஆட்டக்காரர்?

ப: அது புல்தரை ஹாக்கி. என் ஏரியா இல்லை.

கே: பணத்துக்கு ஆடாத உத்தமர்தானே?

ப: இந்த உத்தமர் பட்டத்தை முதலில் கழற்றி வையுங்கள். அந்தக் காலத்துப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக வட்டாரத்தில் காசுக்கு விளையாடுவது கௌரவக் குறைச்சல், அவ்வளவுதான். 1914இல் படிப்பு முடிந்ததும் நியூயார்க்கில் ஜே.பி. மார்கன் வங்கி வேலை, சாயங்காலம் செயின்ட் நிக்கோலஸ் அணிக்குச் சும்மா ஆட்டம். "இன்றிரவு ஹோபி பேக்கர் ஆடுகிறார்" என்று அரங்க வாசலில் பலகை வைத்துக் கூட்டம் சேர்த்தார்கள், டிக்கெட் காசு யாருக்குப் போயிருக்கும்?

கே: பணக்காரப் பையன், அவருக்கென்ன கவலை?

ப: அதுவும் தப்பு. 1907 நிதி நெருக்கடியில் அப்பா கையைச் சுட்டுக்கொண்டார். இரண்டு மகன்களில் ஒருவரைத்தான் கல்லூரிக்கு அனுப்ப முடியும் என்ற நிலை, அண்ணன் தார்ன்டன் விட்டுக்கொடுத்தார். பணம் தேவைப்பட்ட ஆள்தான், ஆனாலும் வாங்கக் கூடாத சாதி. எனக்கு அவர்மேல் கோபம் இல்லை, அந்த வழக்கத்தின்மேல்தான். பலகையை எடுக்கச் சொன்னவரே அவர்தான், அந்தக் கூச்சம் நிஜம். ஆட்டம் முடிந்ததும் எதிரணி அறைக்கே போய்க் கைகொடுப்பார், அதுவும் நிஜம்.

கே: அவர் விமானத்தில் செத்தது தற்கொலையா?

ப: வந்துவிட்டீர்களா! 1918 டிசம்பர் 21, பிரான்சில் தூல். முதல் உலகப் போர் முடிந்து நாற்பது நாள், ஊர் திரும்பும் உத்தரவு கையில். பழுதுபார்த்த ஸ்பாட் ரகப் போர் விமானத்தை வேறு யாரும் சோதிக்க வேண்டாம் என்று அமெரிக்க விமானப் பிரிவின் தலைவரான ஹோபி தானே எடுத்தார். கிளம்பியதும் எஞ்சின் நின்றது. வயது 26. வதந்திக்கு ஆதாரம் எதுவும் இல்லை.

கே: காதல் தோல்வி என்கிறார்களே?

ப: இப்போது சொன்ன பதில்தான், ஆதாரம் இல்லை.

கே: அவர் பெயரில் என்ஹெச்எல் (வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்) விருது இருக்கிறதாமே?

ப: என்ஹெச்எல் இல்லை. அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு, 1981 முதல்.