குர்குமின் மாத்திரை: கல்லீரல் புற்றுநோய்க்குக் கொடுக்கலாமா?

ஆய்வகத்தில் வளர்க்கும் ஹெப் ஜி2 என்ற கல்லீரல் புற்றுச் செல்களை மஞ்சளில் உள்ள குர்குமின் கொன்றது என்று படித்துவிட்டு, சோராஃபெனிப் என்ற கல்லீரல் புற்றுநோய் மருந்து எடுக்கும் அப்பாவுக்கு மிளகுச்சத்து சேர்ந்த குர்குமின் மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் கருத்து: இப்போதைக்கு வேண்டாம்.

அந்த ஆய்வு பொய்யில்லை. குர்குமின், புற்றுச் செல் பிழைக்க உதவும் என்எஃப்-கப்பாபி போன்ற சமிக்ஞைகளை அடக்கி, செல்லைத் தானாகவே சாகும் பாதைக்குத் தள்ளுகிறது. சிக்கல் அளவில்தான். தட்டில் வளரும் செல்கள் மீது பெரும்பாலும் 10 முதல் 50 மைக்ரோமோலார் (கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு) வரை நேரடியாக ஊற்றுகிறார்கள். மனிதர்களுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் வாய்வழி கொடுத்த ஆய்விலோ, ரத்தத்தில் சராசரி உச்சமே 2 மைக்ரோமோலாருக்குக் கீழேதான். விழுங்கியதில் பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் போகிறது, உள்ளே போனதையும் குடலும் கல்லீரலும் உடனே வேறு பொருளாக மாற்றிவிடுகின்றன. அப்புறம், ஹெப் ஜி2 குழந்தைகளுக்கு வரும் ஹெபடோபிளாஸ்டோமா என்ற கல்லீரல் புற்று வகைச் செல். பெரியவர்களின் கட்டிக்கு அது சரியான மாதிரிகூட இல்லை.

உறிஞ்சலைக் கூட்டத்தான் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். எனக்கு அதிகம் பயம் அங்கேதான். பைப்பரின், மருந்துகளைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 என்ற நொதியைத் தடுக்கக்கூடியது. சோராஃபெனிப்பைச் சிதைப்பதில் அந்த நொதிக்கும் பங்குண்டு, அது தடைபட்டால் மருந்து உடலில் அதிகமாகச் சேரலாம். போதாக்குறைக்கு, மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரலே பாதிக்கப்பட்டவர்களை அமெரிக்க மருத்துவர்கள் 2022-இல் பதிவு செய்தார்கள். அவர்கள் எடுத்தவற்றில் சோதித்துப் பார்த்த ஏழு மாத்திரைகளில் மூன்றில் பைப்பரினும் இருந்தது.

சமையலில் போடும் மஞ்சள் வேறு கதை, அதை நிறுத்தத் தேவையில்லை. மாத்திரையை ஏற்கெனவே தொடங்கிவிட்டீர்கள் என்றால் மறைக்காதீர்கள். டப்பாவையே எடுத்துப்போய் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர்நிறமானாலோ அன்றே போய்விடுங்கள்.