தொடையிடுக்கில் ஏன் புடைக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 52. அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறேன். இருமும்போது வலப்பக்கத் தொடையிடுக்கில் ஒரு புடைப்பு தோன்றுகிறது; படுத்தால் மறைந்துவிடுகிறது. மருத்துவர் குடலிறக்கம் என்கிறார். மூட்டை தூக்கியே வயிற்றுச் சதையைக் கிழித்துக்கொண்டேனா? இது ஆண்களுக்கு அதிகம் வருவது ஏன்?
– வாசகர், விருதுநகர்

பதில்: கிழித்துக்கொள்ளவில்லை. அந்த இடத்தில் ஒரு வழி பிறவியிலேயே இருக்கிறது. கருவில் ஆண் குழந்தையின் விரைகள் முதலில் உருவாவது விதைப்பையில் அல்ல, வயிற்றுக்குள் சிறுநீரகங்களின் அருகில்தான். அங்கிருந்து மெல்லக் கீழிறங்கும் அவை, ஏறத்தாழ ஏழாம் மாதத்தில் வயிற்றுச் சுவரைச் சாய்வாகக் கடந்து விதைப்பையை அடைகின்றன. அப்படிக் கடந்த தடமே இங்குவினல் கால்வாய். பெரியவர்களில் சுமார் 4 செ.மீ. நீளமுள்ள இதன் வழியே விரைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களும் விந்து நாளமும் செல்கின்றன. பெண்களுக்கும் இக்கால்வாய் உண்டு. ஆனால் கருப்பையிலிருந்து வரும் மெல்லிய நார் ஒன்று மட்டுமே அதில் செல்வதால் அது குறுகலானது. ஆண்களுக்கு இது அதிகம் வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

பக்கவாட்டில் வயிற்றுச் சுவர் மூன்று தசை அடுக்குகளால் ஆனது. ஒவ்வொன்றின் இழைகளும் வெவ்வேறு திசையில் ஓடுவதால், ஒட்டுப்பலகையைப் போல அது உறுதி பெறுகிறது. தொடையிடுக்கை நெருங்கும்போது இந்த அடுக்குகள் மெலிந்து, கால்வாயின் பின்சுவரில் ஒரு பகுதி வெறும் சவ்வாகவே எஞ்சுகிறது. ஆனாலும் நாம் இருமும்போது உள்ளிரு தசைகளின் வளைந்த கீழ்விளிம்பு திரைபோல இறங்கி அந்த இடத்தை மூடிக்கொள்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான்.

விரையோடு இறங்கிய வயிற்று உள்ளுறையின் பை முழுதாக மூடாதிருந்தால், பல ஆண்டுகளுக்குப் பிறகும் குடல் அதற்குள் நுழையலாம். வலப்பக்க விரை சற்றுத் தாமதமாக இறங்குவதால் அந்தப் பக்கமே இது அதிகம். நடுவயதுக்குப் பின் பின்சுவரின் சவ்வு தளர்ந்து நேரே பிதுங்குவது வேறு வகை. சுமை தூக்குவது, தீராத இருமல், மலச்சிக்கலால் முக்குவது ஆகியவை உள்ளழுத்தத்தைக் கூட்டி, இருக்கும் பலவீனத்தை வெளிப்படுத்துகின்றன. ஆகவே மூட்டையின் மீது முழுப்பழியையும் போட முடியாது. அதை முற்றிலும் விடுவிக்கவும் முடியாது.

பெல்ட் கட்டினால் புடைப்பு அடங்கியிருக்கும், வழி அடைபடாது. அடைக்க அறுவை சிகிச்சைதான் உண்டு. 1880களில் இத்தாலியரான எடோர்டோ பாசினி பின்சுவரைத் தையலிட்டுச் சீரமைத்தார். இன்று பெரும்பாலும் செயற்கை வலை வைத்துப் பலப்படுத்துகிறார்கள். தொந்தரவு இல்லாவிட்டால் தேதியை மருத்துவருடன் பேசி முடிவு செய்யலாம். ஆனால் புடைப்பு உள்ளே போகாமல் இறுகி, வலியும் வாந்தியும் சேர்ந்தால், சிக்கிய குடலுக்கு இரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம். அன்று விடியும்வரைகூடக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.