பேஸ் கிட்டார்: எந்தக் கருவி, எந்தக் கம்பி?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: முதல் பேஸ் கிட்டார் வாங்கப்போகிறேன். பிரிசிஷன், ஜாஸ் என்று இரண்டு வகையைச் சொல்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. எதை எடுக்கலாம்?

இரண்டும் லியோ ஃபெண்டரின் நிறுவனத்தில் உருவானவை. பிரிசிஷன் 1951-இல் வந்தது. இன்று அதில் நாம் பார்க்கும் இரண்டு துண்டு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் காந்தச்சுருள்) 1957-இல் சேர்ந்தது. ஜாஸ் பேஸ் வந்தது 1960-இல். ஸ்கேல் நீளம், அதாவது நட்டிலிருந்து (தலைப்பக்கம் கம்பி கடக்கும் பள்ளத்துண்டு) சேடில் (மறுமுனையில் கம்பியைத் தாங்கும் துண்டு) வரை கம்பி அதிரும் நீளம், இரண்டிலும் 34 அங்குலம். ஆகவே இழுவிசையில் வேறுபாடு கிடையாது.

கையில் எடுத்தால் வேறுபாடு தெரியும். ஜாஸின் நெக், அதாவது கழுத்து, நட் அருகே சுமார் 38 மி.மீ. அகலம்தான். பிரிசிஷன் பெரும்பாலும் 41 முதல் 44 மி.மீ. வரை இருக்கும். முதல் நான்கு ஃப்ரெட்டுகளில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்) கம்பி மாறி மாறி வாசிக்கும்போது அந்த மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் நன்றாகவே உறைக்கும்.

ஒலிக்குக் காரணம் பிக்கப் இருக்கும் இடம். பிரிட்ஜை (சேடில்கள் அமர்ந்திருக்கும் தாங்கி) நெருங்க நெருங்க அடிநாதம் குறைந்து மேல் சுரங்களின் கூர்மை ஏறும். பிரிசிஷனின் ஒரே பிக்கப் நடுவில் இருப்பதால் ஒலி திரண்டு வரும். டிரம்ஸ், கிட்டார், கீபோர்டு எல்லாம் சேர்ந்து ஒலிக்கும்போதும் அது காணாமல் போகாது. ஜாஸில் இரண்டு ஒற்றைச்சுருள் பிக்கப்புகள். இரண்டையும் முழுதாகத் திறந்தால் நடு ஒலி சற்றுப் பள்ளமாகும். பிரிட்ஜ் பக்கத்தை மட்டும் திறந்தால் மூக்கால் பேசுவதுபோல் கூர்மையாக வரும். ஒன்றை மட்டும் குறைத்தால் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலும் கேட்கும். அது பழுதல்ல. இரண்டு சுருள்களும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றப்பட்டவை என்பதால் ஒரே அளவில் இருக்கும்போதுதான் இரைச்சல் ரத்தாகும்.

குழுவில் தாளத்தைத் தாங்குவதுதான் உங்கள் வேலை என்றால் பிரிசிஷனை எடுங்கள். எந்தப் பாணி என்று இன்னும் முடிவாகவில்லை, கையும் சிறியது என்றால் ஜாஸ். 1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே போன்ற ஆக்டிவ் கருவிகளில் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் (ஒலிச்சமிக்ஞையைப் பெருக்கும் சிறு மின்சுற்று) உள்ளேயே இருக்கும். அவற்றில் கேபிளைச் செருகியபடி விட்டால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். ஒலி திடீரென்று கரகரத்தால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. கடையில் இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது ஒன்றில் புதுக் கம்பியும் மற்றொன்றில் ஆறு மாதப் பழங்கம்பியும் இருந்தால், நீங்கள் ஒப்பிடுவது கம்பிகளைத்தான், கருவிகளை அல்ல. ஒரே ஆம்ப், அதில் ட்ரெபிள், பேஸ் திருகிகள் நடுவில், கருவியில் டோன் முழுதாகத் திறந்து இருக்கட்டும். ஒவ்வொரு கம்பியிலும் எல்லா ஃப்ரெட்டையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பிறகு பட்டையில் மாட்டிக்கொண்டு இடக்கையை எடுங்கள். நெக் கீழே சாய்ந்தால், வாசிக்கும் நேரம் முழுக்க அதைத் தாங்குவது உங்கள் இடக்கைதான். நாலரை கிலோவுக்கு மேல் எடையுள்ள கருவியை, நின்று வாசிப்பவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: ரவுண்ட்வூண்ட், ஃப்ளாட்வூண்ட், டேப்வூண்ட், நிக்கல், ஸ்டீல்… கம்பி வாங்கப் போனால் தலை சுற்றுகிறது. எதற்கு எது?

முதலில் சுற்றின் வடிவத்தைப் பாருங்கள், உலோகம் அடுத்தது. எல்லாக் கம்பியிலும் நடுவே ஓர் எஃகு உள்கம்பி, அதன்மேல் சுற்றுக்கம்பி. சுற்று உருண்டையாக இருந்தால் ரவுண்ட்வூண்ட்: தொட்டால் நெருடும், ஒலி பளிச்சென்று இருக்கும், விரல் நகரும் சத்தமும் கேட்கும். ரிப்பன்போல் தட்டையாக இருந்தால் ஃப்ளாட்வூண்ட்: வழவழப்பாக இருக்கும், அடிநாதம் திடமாக வந்து மேல் ஒலிகள் சீக்கிரம் அடங்கும். உருண்டையாகச் சுற்றிய பின் மேற்பரப்பைத் தேய்த்துச் சமமாக்கியது ஹாஃப்ரவுண்ட். வெளியே நைலான் பட்டை சுற்றியது டேப்வூண்ட். பெரும்பாலும் இழுவிசை குறைவு, விரலுக்கு மென்மை, ஃப்ரெட் இல்லாத பலகைக்கும் நல்லது.

உலோகத்தில் மூன்று. நிக்கல் பூசிய எஃகு எல்லாவற்றுக்கும் நடுவானது. எதுவும் தெரியாமல் வாங்குவதென்றால் அதையே வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இன்னும் கூர்மை, துருவும் எளிதில் பிடிக்காது, ஆனால் ஃப்ரெட்டைச் சீக்கிரம் தேய்க்கும். தூய நிக்கல் மென்மையானது, வெளியீடும் சற்றுத் தணிந்தது.

மோட்டவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்தின் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் ஒலி வேண்டும் என்று பலர் எழுதுகிறார்கள். அவருடைய பிரிசிஷனில் இருந்தவை 52 முதல் 110 வரையிலான கனத்த ஃப்ளாட்வூண்ட் கம்பிகள். அறுந்தால் ஒழிய அவர் மாற்றமாட்டார். அந்த மங்கிய, திரண்ட ஒலியில் கம்பியின் வயதுக்கும் பங்கு உண்டு. இதற்கு மறுமுனையில் ஜேக்கோ பாஸ்டோரியஸ், ஃப்ரெட் நீக்கிய ஜாஸ் பேஸில் ரவுண்ட்வூண்ட் போட்டார். அந்தக் கம்பி மரப்பலகையை அரம்போல் அறுக்கும் என்பதால் பலகைக்கு எபாக்சி பூசியிருந்தார். ஃப்ரெட்லெஸ் கருவியில் பூச்சு எதுவும் இல்லையென்றால் ரவுண்ட்வூண்ட் போடாதீர்கள்.

உறையில் உள்ள 45–65–85–105 என்ற எண்கள் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பதைச் சொல்கின்றன. ஆனால் தடிமனை மட்டும் பார்த்து இழுவிசையை முடிவு செய்ய முடியாது. ஃப்ளாட்வூண்டில் சுற்றுகளுக்கிடையே காற்றிடம் குறைவு. அதனால் அதே தடிமனில் எடை கூடும், எடை கூடினால் அதே சுரத்துக்கு இன்னும் முறுக்க வேண்டும். எனவே ரவுண்ட்வூண்டில் 45–105 பழகியவர் ஃப்ளாட்வூண்டுக்கு மாறும்போது, உற்பத்தியாளர் உறையில் தரும் இழுவிசை எண்ணைப் பாருங்கள். நான்கு கம்பிப் பேஸில் ஒவ்வொரு கம்பியும் பொதுவாக 16 முதல் 23 கிலோ வரை இழுக்கிறது. நான்கும் ஓரளவு நெருங்கிய எண்களாக இருந்தால் வலக்கைக்குச் சீராக இருக்கும்.

கேள்வி: 45–105 ரவுண்ட்வூண்டைக் கழற்றிவிட்டு 40–100 போட்டேன். இப்போது முதல் சில ஃப்ரெட்டுகளில் கம்பி இரைகிறது. கம்பி மோசமானதா?

கம்பி மேல் தவறில்லை. மெல்லிய கம்பி நெக்கைக் குறைவாக இழுக்கிறது. முன்பு கம்பி ஒரு பக்கம் வளைக்க, நெக்கின் உள்ளே உள்ள உலோகத் தண்டான ட்ரஸ் ராட் மறுபக்கம் தாங்கிச் சமநிலையில் இருந்தது. இப்போது ராட் ஜெயித்துவிட்டது. நெக் நிமிர்ந்து, தேவையான சிறு குழிவு போய்விட்டது. கனத்த கம்பிக்கு மாறினால் இதற்கு நேர்மாறாக, குழிவு அதிகமாகிக் கம்பி உயர்ந்து நிற்கும்.

முதலில் நீங்கள் வாசிக்கும் சுருதிக்கே கம்பிகளைக் கூட்டுங்கள். தளர்ந்த கம்பியோடு அளப்பது வீண் வேலை. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, மிகத் தடித்த ஈ கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்துங்கள். கம்பியே இப்போது அளவுகோல். ஏழு, எட்டாம் ஃப்ரெட் அருகே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். 0.30 முதல் 0.35 மி.மீ. இருந்தால் போதும். இடைவெளியே இல்லையென்றால் ராட்டைத் தளர்த்த வேண்டும். சாவி நுழையும் முனையிலிருந்து பார்த்தால் இடஞ்சுழி தளர்த்தும், வலஞ்சுழி இறுக்கும். ஒருமுறைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருப்பியதும் மறுபடி சுருதி கூட்டி மறுபடி அளந்து பாருங்கள். சாவி சரியாகப் பொருந்தாவிட்டாலோ வழக்கத்துக்கு மேல் பலம் கேட்டாலோ அங்கேயே நிறுத்திவிட்டுக் கைதேர்ந்தவரிடம் கொடுங்கள். சேதமான ராட்டைச் சரிசெய்ய நெக்கையே பிரிக்க வேண்டி வரலாம்.

அடுத்துதான் ஆக்‌ஷன். ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம் அது. பலர் இதை முதலில் தொட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 17-ஆம் ஃப்ரெட்டின் மேல் கம்பியின் அடிப்பக்கம் வரை அளந்தால், ஈ கம்பிக்கு 2.4 மி.மீ., மிக மெல்லிய ஜி கம்பிக்கு 2 மி.மீ. நல்ல தொடக்கம். ஓங்கி அடித்து வாசிப்பவர் இன்னும் அரை மில்லிமீட்டர் உயர்த்திக்கொள்ளலாம். பின்பு 12-ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் சுரம்) அழுத்திய சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்கு, இறங்கியிருந்தால் முன்னுக்கு. நகர்த்தும்முன் கம்பியைச் சற்றுத் தளர்த்துங்கள். மறுநாள் குழிவை ஒருமுறை அளந்து பாருங்கள், மரம் அடங்க நேரம் பிடிக்கும்.

இரைச்சல் எங்கே வருகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். ஐந்தாம் ஃப்ரெட்டுக்குள் என்றால் குழிவு போதவில்லை. அழுத்தாத கம்பியில் மட்டும் என்றால் நட் பள்ளம் ஆழமாகிவிட்டது. பன்னிரண்டுக்கு மேல் என்றால் ஆக்‌ஷன் தாழ்வு. ஒரே ஒரு சுரத்தில் மட்டும் என்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கி நிற்கிறது. இந்தக் கடைசியை எந்தத் திருகும் சரிசெய்யாது, ஃப்ரெட் வேலை தேவை.

கனத்த கம்பிக்குப் போகிறவர்கள் நட்டையும் கவனியுங்கள். பள்ளம் குறுகலாக இருந்தால் சுருதி கூட்டும்போது ‘டிங்’ என்று குதிக்கும், முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் சுரமும் ஏறும்.

கேள்வி: கம்பியை வெந்நீரில் கொதிக்கவைத்தால் புதுசாகுமா?

சில நாள் பளிச்சென்று ஒலிக்கும், அவ்வளவே. வியர்வை, எண்ணெய், தோல் துகள் ஆகியவை சுற்றுகளுக்குள் அடைந்து அதிர்வை அமுக்குகின்றன. கம்பியின் எடையும் இடத்துக்கிடம் மாறுவதால் இன்டனேஷனும், அதாவது ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் சுருதிச் சரியும், தவறுகிறது. கொதிநீர் அழுக்கைக் கொஞ்சம் கரைக்கும். ஆனால் ஃப்ரெட் பதித்த பள்ளத்தைச் சரிசெய்யாது, உள்ளே தங்கிய ஈரம் துருவாகும், கழற்றி மாட்டும்போது வளைந்த இடத்தில் அறுந்தும் போகலாம். சிக்கனம் வேண்டுமானால் மூடியுள்ள குழாயில் மீதைல் கலந்த ஸ்பிரிட்டை ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, நன்றாக உலர்த்துங்கள். அது எளிதில் தீப்பற்றும், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பட்டு நூல் சுற்றிய ஃப்ளாட்வூண்டையும் டேப்வூண்டையும் இப்படி ஊறவைக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட, வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைப்பதே ஆயுளைக் கூட்டும்.

கேள்வி: 30 அங்குல ஸ்கேல் கருவி வாங்கினேன். வழக்கமான கம்பியையே வெட்டிப் போடலாமா?

வேண்டாம். தடித்த சுற்றுப்பகுதி சுருதி கூட்டும் ஆணியில் போய்ச் சுற்றி, வெடித்து அவிழும். குறுகிய ஸ்கேலுக்கென்றே விற்பதை வாங்குங்கள். அதற்கும் முன், கம்பியின் குண்டு முனை உட்காரும் இடத்திலிருந்து நட் வரை அளந்துகொள்ளுங்கள். சுற்றுப்பகுதி அந்த நீளத்தைத் தாண்டி இரண்டு மூன்று செ.மீ. போக வேண்டும். ஹோஃப்னர் 500/1 வயலின் பேஸில் பிரிட்ஜுக்குப் பின்னால் தனி வால்துண்டு இருப்பதால், ஸ்கேல் 30 என்றாலும் அந்த நீளம் கூடிவிடும். 1966-இல் வந்த ஃபெண்டர் மஸ்டாங்குக்குப் பொருந்தும் கம்பி அதற்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 34-இலிருந்து 30-க்கு வந்தால் அதே கம்பியில் சுமார் 22 சதவீதம் குறையும். ஈ கம்பி தொளதொளவென்று இருப்பதற்கு அதுவே காரணம். 45–105 அல்லது அதற்குச் சற்று மேலே போங்கள். எங்கள் தேர்வு ஃப்ளாட்வூண்ட். குறுகிய ஸ்கேலுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது.

கேள்வி: ஐந்து கம்பிப் பேஸில் பி கம்பி மட்டும் சேறாக ஒலிக்கிறது.

அந்தச் சுரத்தின் அதிர்வு 30.9 ஹெர்ட்ஸ். பக்கத்து ஈ கம்பி 41.2. 125 தடிமன் போட்டிருந்தால் 130 அல்லது 135-க்கு மாறிப் பாருங்கள். கருவியை மாற்றி 35 அங்குலத்துக்குப் போனாலும் இழுவிசை ஆறு சதவீதம்தான் கூடும். பிக்கப்பின் பி பக்கத்தைச் சற்றுத் தாழ்த்துங்கள். காந்தம் அருகில் இருந்தால் கம்பியை இழுத்துச் சுருதியையே அலையவைக்கும். சேடில்மேல் கம்பி வளைந்து ஏறுகிறதா என்றும் பாருங்கள். சேடிலுக்குச் சற்று முன்னால் விரலால் மெல்ல அழுத்தி மடிப்பை நேராக்கினாலே பல நேரம் தெளிந்துவிடும்.

கேள்வி: ஜி கம்பியில் ஆறாம் ஃப்ரெட் சுரம் சட்டென்று செத்துவிடுகிறது. புதுக் கம்பியிலும் அப்படியே.

நெக்கின் இயல்பான அதிர்வும் அந்தச் சுரமும் ஒத்துப்போவதால், கம்பியின் ஆற்றலை நெக் உறிஞ்சிக்கொள்கிறது. திருகி இணைத்த நெக் உள்ள கருவிகளில் ஐந்திலிருந்து ஏழாம் ஃப்ரெட்டுக்குள் இது மிகச் சாதாரணம். ஹெட்ஸ்டாக்கில் (ஆணிகள் உள்ள தலைப்பகுதி) ஒரு சிறு கவ்வியை மாட்டிப் பாருங்கள், செத்த இடம் வேறு சுரத்துக்கு நகரும். அதே சுரத்தை டி கம்பியின் 11-ஆம் ஃப்ரெட்டில் வாசிப்பது செலவில்லாத வழி.

கேள்வி: உறையிலிருந்து எடுத்துப் போட்ட ஈ கம்பி முதல் நாளே மந்தமாக இருக்கிறது. மாற்றித் தர மறுக்கிறார்கள்.

மாட்டிய விதத்தில் தவறியிருக்கலாம். கம்பியை முதலில் வெட்டிவிட்டுப் பிறகு வளைத்தால், வெட்டிய முனையிலிருந்து சுற்று நழுவி, கம்பி முழுக்கத் தளர்ந்துவிடும். உருண்டை உள்கம்பி கொண்டவற்றில் இந்த ஆபத்து அதிகம். ஆணியைத் தாண்டிப் பத்து, பன்னிரண்டு செ.மீ. விட்டு அந்த இடத்தில் செங்குத்தாக மடியுங்கள். மடிப்புக்கு அப்பால் வெட்டி, முனையை ஆணியின் நடுத்துளைக்குள் இறக்கி, மேலிருந்து கீழாக இரண்டு மூன்று சுற்று வரும்படி முறுக்குங்கள். சுற்றும்போது கம்பி தன்னைத்தானே முறுக்கிக்கொள்ள விடாதீர்கள். இப்போது போட்டிருக்கும் கம்பியையும் தளர்த்தி, ஆணியிலிருந்து எடுத்து, முறுக்கு தானாகப் பிரியும்படி தொங்கவிட்டு மறுபடி மாட்டிப் பாருங்கள். முறுக்குதான் காரணம் என்றால் ஒலி திரும்பிவிடும். சுற்றே நழுவியிருந்தால் புதிய கம்பி ஒன்றைத் தனியாக வாங்குவதைத் தவிர வழியில்லை.