ரன்வே மாறியதும் ஏன் வட்டமடித்தோம்?

அன்புள்ள கேப்டன்,

போன வாரம் விமானத்தில் வந்துகொண்டிருந்தேன். இறங்க ஆரம்பித்து, கீழே விளக்குகள்கூடத் தெரிந்துவிட்டன. திடீரென்று திரும்பி ஒரே இடத்தில் வட்டமடிக்கத் தொடங்கியது. "ரன்வேயை மாற்றியிருக்கிறார்கள், 12 நிமிடம் தாமதமாகும்" என்று விமானி அறிவித்தார். கம்ப்யூட்டரில் ரன்வே எண்ணை மாற்றிவிட்டு இறங்க வேண்டியதுதானே? அவர்கள் தயாராக இல்லையோ என்ற பயம் இன்னும் போகவில்லை. சுற்றிச் சுற்றி எரிபொருள் தீர்ந்துபோனால்?

எம்.

அன்புள்ள எம்.,

உங்களுக்குப் பயம் தந்த அந்த 12 நிமிடம்தான் அந்தப் பயணத்திலேயே எனக்கு நிம்மதி தருகிற பகுதி. அவர்கள் நேரம் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். எங்கள் தொழிலில் அது அவ்வளவு எளிதாக வாயில் வராது.

விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும். பின்னாலிருந்து தள்ளும் காற்று பெரும்பாலான பயணிகள் விமானங்களுக்கு 10 நாட் (மணிக்குச் சுமார் 18 கி.மீ.) வரைதான் அனுமதி. காற்று திசை மாறினால் கட்டுப்பாட்டு அறை எல்லோரையும் மறுமுனைக்குத் திருப்பிவிடும். ஒரே தார்ப்பாதைதான், ஆனால் ஒரு பக்கமிருந்து வந்தால் அதன் பெயர் 01, எதிர்ப்பக்கமிருந்து வந்தால் 19.

எண்ணை மாற்றுவது சில விநாடி வேலை. மாற்றியதும் ஏற்கெனவே ஏற்றி வைத்த பாதை நடுவில் அறுந்து நிற்கும், அதைச் சேர்க்க வேண்டும். ரன்வேக்கு வழிகாட்டும் ரேடியோ கருவியான ஐ.எல்.எஸ். அலைவரிசை வேறு. எந்த உயரத்துக்குள் ரன்வே கண்ணில் பட வேண்டும் என்பது வேறு. படாவிட்டால் எந்தப் பக்கம் ஏறித் திரும்புவது என்பதும் வேறு, அந்தப் பக்கம் மலை இருக்கலாம். பாதை ஈரமாக இருந்தால் நீளம் போதுமா என்று மறுபடி கணக்குப் போட வேண்டும், இறங்கியதும் தானாகப் பிடிக்கும் ஆட்டோபிரேக்கை அதற்கேற்ப வைக்க வேண்டும். இதையெல்லாம் ஒருவர் செய்யும்போது மற்றவர் விமானத்தை மட்டும் பார்க்க வேண்டும். இரண்டு தலையும் ஒரே நேரத்தில் திரைக்குள் குனிந்துவிடக் கூடாது.

இதைவிடப் பெரிய சிக்கல் உயரம். ஆயிரம் அடி இறங்க ஏறத்தாழ 3 கடல் மைல் வேண்டும். புதிய ரன்வேயால் வழி நீண்டால் கொஞ்சம் எரிபொருள் செலவாகும், அவ்வளவுதான். வழி குறைந்தால்தான் வினை. 20 கடல் மைல் குறைந்தால் நாம் இருக்க வேண்டியதைவிட ஆறாயிரம் அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறோம். சீக்கிரம் இறங்கப் பார்த்தால் வேகம் குறையாது, வேகத்தைக் குறைத்தால் உயரம் குறையாது. ஆனால் காதில் விழும்போது அது சலுகை மாதிரி இருக்கும்: "நேராகவே வந்து இறங்குகிறீர்களா?"

1995 டிசம்பர் 20 இரவு, மயாமியிலிருந்து கொலம்பியாவின் காலி நகருக்குப் போன அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965-க்கு அப்படித்தான் கேட்டார்கள். விமான நிலையத்தைத் தாண்டித் தெற்கே போய்த் திரும்பி 01-இல் இறங்குவதாகத் திட்டம். காற்று அமைதியாக இருந்ததால், வடக்கிலிருந்து நேரே 19-இல் இறங்க முடியுமா என்றது கட்டுப்பாட்டு அறை. விமானம் ஏற்கெனவே சுமார் 2 மணி நேரம் தாமதம். சரி என்றார்கள். உயரத்தைக் குறைக்க ஸ்பீட் பிரேக்கை, அதாவது இறக்கை மேல் எழும்பிக் காற்றைத் தடுக்கும் தகடுகளை, விரித்தார்கள். அவசரத்தில் ரோசோ என்ற வழிகாட்டி நிலையத்துக்காக கம்ப்யூட்டரில் 'ஆர்' என்ற ஒரே எழுத்தைத் தட்டினார்கள். கம்ப்யூட்டருக்கு அந்த எழுத்து பொகோட்டா அருகே இருந்த ரோமியோ என்ற வேறொரு நிலையம். விமானம் இருட்டில் இடப்பக்கம், மலைகளை நோக்கித் திரும்பியது. புரிந்து திருப்பிக் கொண்டுவரும்போதும் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. தரை எச்சரிக்கை ஒலித்ததும் முழு விசை கொடுத்தார்கள், ஆனால் ஸ்பீட் பிரேக் விரிந்தபடியே இருந்தது. 163 பேரில் 159 பேர் இறந்துபோனார்கள்.

அந்த விசாரணை அறிக்கையைப் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும், யாராவது ஒருவர் "ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறோம்" என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்ளும். அவர்கள் திறமையில்லாதவர்கள் இல்லை. உதவ வேண்டும், தாமதத்தைக் குறைக்க வேண்டும் என்று நினைத்தவர்கள். அதனால்தான் பயமாக இருக்கிறது.

நானும் அந்த வழியில் கொஞ்ச தூரம் போயிருக்கிறேன். அப்போது துணை விமானி. இணையாக இரண்டு ரன்வே, இடதுக்குத் தயாராக இருந்தோம். வலது என்றார்கள், அதோடு வழியையும் சுருக்கினார்கள். நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கேப்டன் ஒப்புக்கொண்டுவிட்டார். என் விரல்கள் வேகமாகத் தட்டின, ஒரு எழுத்து தப்பி, அழித்துத் திரும்பத் தட்டினேன். 1,000 அடியில் நிதானமாக அமைந்திருக்க வேண்டிய விமானம், உரிய வேகத்தைவிட 25 நாட் அதிகமாகப் போய்க்கொண்டிருந்தது. "அன்ஸ்டேபிள், கோ-அரவுண்ட்" என்றேன், அதாவது விமானம் நிதானமாக இல்லை, இறங்காமல் மேலே ஏறுவோம் என்று. குரல் பாதிதான் வந்தது. கேப்டன் மறுபேச்சில்லாமல் விசையைக் கொடுத்து ஏற்றினார். மேலே போகும்போதுதான் கவனித்தேன்: கோ-அரவுண்ட் உயரத்தை நான் மாற்றவே இல்லை, பழைய ரன்வேயுடையதே இருந்தது. நின்ற பிறகு அவர் சொன்னது, "இனிமேல் நான் பதில் சொல்வதற்கு முன் உன் முகத்தைப் பார்க்கிறேன்."

இன்று நான் இறங்கத் தொடங்குமுன் இரண்டு ரன்வேக்கும் சேர்த்தே பேசிவிடுவேன். காற்று எல்லைக்கோட்டில் இருந்தால் இரண்டாவதையும் கம்ப்யூட்டரில் தயாராக வைப்போம். அப்புறம் ஒரு தூரம் குறித்துக்கொள்வோம். அதற்குப் பிறகு மாற்றம் வந்தால் ஏற்பதில்லை: "முடியாது, ஹோல்டிங் கொடுங்கள்", அதாவது வட்டமடிக்க இடம் கொடுங்கள். கட்டுப்பாட்டாளர் கோபிக்க மாட்டார். அவருக்கு எங்கள் காக்பிட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது, நாங்கள் சொன்னால்தான் உண்டு.

எரிபொருள் பற்றிக் கேட்டீர்கள். மாற்று விமான நிலையம் வரை போகவும், அங்கே போன பிறகு 30 நிமிடம் பறக்கவும் தேவையானது இல்லாமல் ஜெட் விமானம் கிளம்பக் கூடாது. அதற்கு மேல் எதிர்பாராத செலவுக்கென்றும் தனியாக ஏற்றுவோம். உங்கள் 12 நிமிடம் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் போயிருக்கும்.