பெர்சனல் டிரெய்னர் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. ஜிம்மில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் போகிறேன். பெரும்பாலும் டிரெட்மில், அப்புறம் ஆள் இல்லாத மெஷினாகப் பார்த்து நாலைந்து. பெர்சனல் டிரெய்னர் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஜிம்மில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். மாதக் கட்டணத்தைப்போல் பல மடங்கு கேட்கிறார்கள். மாடிப்படி இறங்கும்போது வலது முழங்கால் லேசாக வலிக்கிறது. டிரெய்னர் அவசியமா, வீண் செலவா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்து நேராகவே சொல்லிவிடுகிறேன். முதலில் முழங்காலை ஒரு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள். அப்புறம் ஒரு நல்ல டிரெய்னரிடம் எட்டு முதல் பத்து செஷன் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாகக் கட்டாதீர்கள். பல வருடம் டிரெய்னராக வேலை பார்த்தவன் நான். கற்றுக்கொண்டு கிளம்ப வந்தவர் யார், கூடவே ஆள் நிற்க வேண்டும் என்று வந்தவர் யார் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். கற்றுக்கொள்ள வந்தவர்தான் கொடுத்த காசுக்கு முழுப் பலனையும் எடுத்துக்கொண்டு போவார்.

டிரெய்னர் வேண்டுமா என்று கேட்பதற்கு முன்னால், என்னிடம் எது குறைகிறது என்று கேட்டுப் பாருங்கள். சிலருக்கு ஜிம்முக்குக் கிளம்புவதே பெரும்பாடு. ஒருவர் காத்திருக்கிறார், பணம் கட்டியிருக்கிறோம் என்ற நெருக்கடி இருந்தால்தான் போவார்கள். டிரெய்னர் விடுமுறை எடுத்தால் அந்த வாரம் அவர்களுக்கும் விடுமுறைதான். அதே நேரத்துக்கு வருகிற ஒரு நண்பர் கிடைத்தால் இந்தக் குறை செலவில்லாமல் தீர்ந்துவிடும். உங்களுக்கு அந்தக் கவலையே இல்லை. யாரும் தள்ளாமல் இரண்டு மாதம், வாரம் மூன்று நாள் போயிருக்கிறீர்கள். இது சாதாரண விஷயம் இல்லை.

உங்களுக்குக் குறைவது வேறு. ‘ஆள் இல்லாத மெஷினாகப் பார்த்து’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் இருக்கிறது. எதைச் செய்வது, எத்தனை முறை, எந்த எடையில், எப்போது கூட்டுவது என்று ஒரு திட்டம் கையில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்பதோடு, வாரத்தில் இரண்டு நாளாவது உடம்பின் பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்றும் இருக்கிறது. முதல் பாதியை டிரெட்மில் பார்த்துக்கொள்கிறது. இரண்டாவது பாதி உங்களிடம் அரைகுறையாக நிற்கிறது. வயது ஏற ஏறத் தசை குறைந்துகொண்டே போகும் என்பதால், நாற்பதைத் தாண்டியவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

இதற்கான திட்டம் அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். உட்கார்ந்து எழுவது, இடுப்பை மடக்கிக் குனிந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, கையில் எடையோடு நடப்பது. இந்த ஐந்து வகையிலும் உங்களுக்கு ஏற்ற ஒவ்வொரு பயிற்சி இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். இதை எழுதித் தர ஒரு டிரெய்னருக்கு ஒரு செஷன் போதும். மீதிச் செஷன்களுக்கான பணத்தை வேறொன்றுக்காகத் தருகிறீர்கள். அவருடைய கண்ணுக்கு.

ஒரு ஸ்குவாட்டையே எடுத்துக்கொள்வோம். புதிதாக வந்தவரிடம் உட்கார்ந்து எழுங்கள் என்றால், முழங்காலை முன்னால் தள்ளித்தான் இறங்க ஆரம்பிப்பார். பாதி இறங்கியதும் குதிகால் தரையை விட்டுக் கிளம்பும். எழும்போது முழங்கால் இரண்டும் உள்பக்கமாகச் சாயும். இதில் எதுவுமே அவருக்குத் தெரியாது. கண்ணாடியில் தன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது அவருக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரு பெட்டியைப் போட்டு, ஒரு சின்ன டம்பெல்லை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லி, “பெட்டியைத் தேடி உட்காருங்கள், பாதம் முழுசாகத் தரையில் இருக்கட்டும்” என்று சொல்லிப் பாருங்கள். பலருக்கு அடுத்த ரெப்பிலேயே (ஒரு முறை இறங்கி எழுந்தால் ஒரு ரெப்) இடுப்பு பின்னால் போகும், குதிகால் தரையில் நிற்கும். முன்னால் பிடித்திருக்கும் எடை ஈடுகட்டுவதால், பின்னால் சாய்ந்துவிடுவோமோ என்ற பயம் போய்விடுகிறது. “முழங்காலைச் சரியாக வையுங்கள்” என்று பத்து முறை சொல்லி நடக்காததை அந்தப் பெட்டி நடத்திவிடும். எந்த நேரத்தில் பெட்டியைப் போடுவது, எப்போது எடுத்துவிடுவது என்று தெரிந்தவரைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

(முழங்கால் கால்விரலைத் தாண்டினாலே ஆபத்து என்று ஜிம்மில் யாராவது சொல்லக்கூடும். பொதுவாக அப்படி இல்லை. படி இறங்கும்போது எல்லாருக்கும் தாண்டத்தான் செய்கிறது. ஆனால் ஏற்கெனவே வலி இருக்கிறவருக்கு, பாரத்தைக் கொஞ்சம் இடுப்புக்கு மாற்றிக் கொடுத்து ஆரம்பிப்பது நல்லது.)

டிரெய்னர் வைப்பதாக இருந்தால் இப்போதே வைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எடைப் பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில், தூக்கும் எடை மடமடவென ஏறும். அதற்குள் தசை பெருத்துவிடுவதில்லை. இருக்கிற தசையை ஒருங்கிணைத்து வேலை வாங்க நரம்பு மண்டலம் கற்றுக்கொள்கிறது, பெரும்பகுதி அதனால்தான். அந்த வாரங்களில் எப்படிச் செய்து பழகுகிறோமோ அது அப்படியே படிந்துவிடும். மூன்று வருடம் தவறாகச் செய்தவரைத் திருத்துவது, புதிதாக ஒருவருக்குச் சொல்லித் தருவதைவிட மிகக் கடினம். இரண்டையும் செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காயம்பட்ட சிப்பாய்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், எடையைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனால் பலம் வேகமாகத் திரும்புகிறது என்பதை 1945-இல் கட்டுரையாக எழுதினார். இன்று வரை எடைப் பயிற்சிக்கு அடிப்படை அதுதான். தனியாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவதும் இங்கேதான். சுலபமான எடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் அதிலேயே நின்றுவிடுவார்கள். அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில், ஏற்கெனவே பயிற்சி செய்துவந்த ஆண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, 12 வாரம் ஒரே திட்டத்தைக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு டிரெய்னர் கூடவே நின்றார், இன்னொரு குழு தாங்களாகவே செய்தது. 2000-இல் வெளியான அந்த முடிவில், டிரெய்னர் நின்ற குழுவினரின் பலம்தான் அதிகமாகக் கூடியிருந்தது. காரணம், அவர்கள் எடையை வேகமாகவும் அதிகமாகவும் கூட்டிக்கொண்டே போயிருந்தார்கள். சிறிய சோதனைதான். ஆனால் நான் ஜிம்மில் பார்த்ததும் இதுவே.

அந்த வேலையில் ஒரு பகுதியை ஒரு நோட்டுப் புத்தகம் செய்யும். இன்றைக்கு எந்தப் பயிற்சி, எத்தனை கிலோ, எத்தனை ரெப், கடைசி ரெப் முடிந்தபோது இன்னும் எத்தனை முடிந்திருக்கும் என்று எழுதுங்கள். நடுவில் ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்கிற ரெப்கள் சேர்ந்ததுதான் ஒரு செட். மூன்று செட்டிலும் திட்டமிட்ட ரெப்பை முடித்து, இன்னும் மூன்று நான்கு முடியும் என்று தோன்றினால் அடுத்த முறை ஒரு படி கூட்டுங்கள். ஒரு டிரெய்னர் உங்களைப் பற்றி எதையுமே எழுதி வைக்கவில்லை என்றால், அவரிடம் திட்டம் எதுவும் இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். போன வாரம் என்ன தூக்கினீர்கள் என்று உங்களிடமே கேட்பவர் எதை வைத்துக் கூட்டுவார்?

சரி, ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? சான்றிதழைக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஏ.சி.எஸ்.எம்., என்.எஸ்.சி.ஏ., ஏ.சி.இ. போன்ற அமைப்புகள் முறையான தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகின்றன. அதைப் புதுப்பித்துக்கொண்டே வரவும் வேண்டும். இரண்டு நாள் வகுப்பில் கிடைக்கிற காகிதமும் சுவரில் மாட்டினால் அதே மாதிரிதான் இருக்கும். அதனால் யார் கொடுத்தது, தேர்வு இருந்ததா, முதலுதவிப் பயிற்சி உண்டா என்று விசாரியுங்கள். டிரெய்னரின் உடம்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். அவர் உடம்பு அவருடைய உழைப்பைத்தான் காட்டும். சொல்லிக்கொடுக்கத் தெரியுமா என்பதைக் காட்டாது. அவரிடம் ஏற்கெனவே பயிற்சி செய்கிறவர்களைப் பத்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். செட் நடக்கும்போது அவர் கண் எங்கே இருக்கிறது, போனிலா, ஆளிடமா? ஐம்பது வயதுக்காரருக்கும் இருபது வயதுக்காரருக்கும் ஒரே பயிற்சியையா கொடுக்கிறார்? தொட்டுத் திருத்த வேண்டியிருந்தால் முதலில் கேட்டுவிட்டுத் தொடுகிறாரா?

முதல் சந்திப்பில் அவர் உங்களிடம் எவ்வளவு கேட்கிறார் என்பது முக்கியம். தொடங்குவதற்கு முன்னால் கேட்பதற்கென்றே ‘பார்-க்யூ’ என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. மொத்தம் ஏழு கேள்விகள். இதயக் கோளாறு உண்டா, நெஞ்சு வலிக்கிறதா, தலைசுற்றி விழுந்ததுண்டா, எலும்பு மூட்டில் பிரச்சினை உண்டா, ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா என்பது போல. இதில் ஒன்றைக்கூடக் கேட்காமல் “வாங்க, ஆரம்பிக்கலாம்” என்பவரிடம் ஆரம்பிக்காதீர்கள். உங்கள் முழங்கால் வலியைச் சொன்னதும் அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். மருத்துவரிடம் காட்டினீர்களா என்று கேட்டால் நல்லவர். அங்கேயே அமுக்கிப் பார்த்து நோய்க்குப் பெயர் சொன்னால் விலகிக்கொள்ளுங்கள். அது அவர் வேலை இல்லை. உணவிலும் அப்படித்தான். பொதுவாகச் சில விஷயம் சொல்லலாம். சர்க்கரை, சிறுநீரகம் போன்ற பிரச்சினை இருப்பவருக்கு உணவுத் திட்டம் தர வேண்டியவர் டயட்டீஷியன். முதல் மாதத்திலேயே பவுடர் டப்பாவை நீட்டுகிறவரிடம் அந்த டப்பாவில் அவருக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். ஊசி, ஹார்மோன் என்று பேச்சு வந்தால் அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

முதல் செஷனிலேயே பிழிந்து எடுத்தால்தான் நல்ல டிரெய்னர் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. இதை நான் ரொம்பக் கவலையோடு சொல்கிறேன்: அது அபாயம். புதிதாகச் செய்கிறவருக்கு ஒன்றிரண்டு நாள் கழித்து உடம்பு வலிப்பது இயல்பு, சில நாளில் போய்விடும். ஆனால் பழக்கமில்லாத உடம்பை ஒரேயடியாக வாட்டினால், தசை சிதைந்து அதிலிருந்து வெளியேறும் பொருள்கள் சிறுநீரகத்தைப் பாதிக்கிற நிலைகூட வரலாம். தாங்க முடியாத வலி, வீக்கம், சிறுநீர் கடும் பழுப்பு நிறத்தில் போவது ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றைப் பார்த்தால் அடுத்த செஷனுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நல்ல முதல் செஷன் முடிந்து வரும்போது, இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாமே என்றுதான் தோன்றும்.

பணம் கட்டும் விஷயத்தில், ஒரு செஷன் அல்லது மூன்று செஷன் முதலில் வாங்கிப் பாருங்கள். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள்; தள்ளுபடி அடுத்த மாதமும் இருக்கும். பல ஜிம்களில் டிரெய்னர்களுக்கு இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று இலக்கு உண்டு. அவர்கள் விடாமல் கேட்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம், உங்கள் மேல் குறை ஒன்றும் இல்லை. நீங்கள் வரமுடியாத நாளுக்கு என்ன ஏற்பாடு, செஷன்கள் எத்தனை நாளில் காலாவதி ஆகும், டிரெய்னர் வேலையை விட்டுப் போனால் என்ன ஆகும், நடுவில் நிறுத்தினால் மீதிப் பணம் வருமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

செஷன்களைத் தினம் தினம் செலவழிக்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு. அப்புறம் வாரத்துக்கு ஒன்று, மற்ற இரண்டு நாள் அதே பயிற்சியைத் தனியாகச் செய்யுங்கள். தனியாகச் செய்யும்போது வருகிற சந்தேகங்களை நோட்டில் எழுதி அடுத்த செஷனில் கேளுங்கள். போனைப் பக்கவாட்டில் இடுப்பு உயரத்தில் நிறுத்தி ஒரு செட்டைப் படமெடுத்து வந்து காட்டினால், பேசித் தீராதது ஒரு நிமிடத்தில் தீரும்.

இப்போதைக்குப் பணம் இடிக்கிறது என்றால், ஜிம்மில் பொதுவாக நிற்கிற டிரெய்னர் ஒருவர் இருப்பார் இல்லையா, அவரிடம் சின்னதாகக் கேளுங்கள். “எனக்குச் சொல்லித் தாருங்கள்” என்றால் அவருக்கு நேரம் இருக்காது. “இந்த ஒரு செட்டை மட்டும் பக்கத்தில் நின்று பார்க்கிறீர்களா, முதுகு வளைகிறதா?” என்றால் பெரும்பாலும் வந்து பார்ப்பார்.

கடைசி செஷனுக்கு மட்டும் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அன்று டிரெய்னரை எதுவும் சொல்லாமல் நிற்கச் சொல்லிவிட்டு, வார்ம் அப்பிலிருந்து எடையைத் தேர்ந்தெடுப்பது, செட்டுக்கு நடுவே ஓய்வு எடுப்பது, நோட்டில் எழுதுவது வரை எல்லாவற்றையும் நீங்களே செய்யுங்கள். அவர் குறுக்கே பேசியே ஆக வேண்டிய இடம் எங்கெங்கே வந்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு என்றால் அவரிடம் நன்றி சொல்லிவிட்டு, மூன்று மாதம் கழித்து ஒரே ஒரு செஷனுக்கு மட்டும் நேரம் வாங்கிக்கொண்டு வரலாம். அதற்கு மேல் என்றால் இன்னும் நான்கு செஷன் எடுங்கள்.