சாலைப் பள்ளத்தில் கார் அடிவாங்கியது: நியூயார்க் கம்ப்ட்ரோலர் பணம் தருவாரா?

கேள்வி: ஐயா, நாங்கள் நியூயார்க்கில் குவீன்ஸ் பகுதியில் இருக்கிறோம். போன மாதம் சாலைப் பள்ளத்தில் இறங்கி காரின் ரிம் நெளிந்துவிட்டது, டயரும் போச்சு. சிட்டி கம்ப்ட்ரோலருக்கு (நகரத்தின் நிதி அதிகாரி) எழுதிப் போடச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அந்தக் கம்ப்ட்ரோலர் தேர்தலில் ஜெயித்து வருகிறவராமே? அரசியல்வாதிக்கு எழுதி என்ன ஆகப்போகிறது? அவருக்குக் கணக்கு வழக்காவது தெரியுமா?

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் சரியான இடத்தைத்தான் காட்டியிருக்கிறார். முதலில் காலண்டரைப் பாருங்கள். சம்பவம் நடந்து 90 நாட்களுக்குள் ‘நோட்டீஸ் ஆஃப் கிளெய்ம்’, அதாவது நஷ்டஈடு கேட்கும் அறிவிப்பு, கம்ப்ட்ரோலர் அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும். ஆன்லைனிலேயே போடலாம். தாமதமானால் நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு நிற்க வேண்டிவரும். ஒரு ரிம்முக்காக அவ்வளவு அலைச்சல் கட்டுப்படியாகாது.

அரசியல்வாதிக்கு ஏன் எழுத வேண்டும் என்கிறீர்கள். கம்ப்ட்ரோலர்தான் அந்த நகரத்தின் தலைமை நிதி அதிகாரி. ஆனால் பட்ஜெட் போடுவது மேயரும் நகர மன்றமும். சொத்து வரி, பார்க்கிங் அபராதம் எல்லாம் மேயரின் கீழ் உள்ள நிதித் துறையைச் சேர்ந்தவை. அதற்கெல்லாம் இவருக்கு எழுதிப் பயனில்லை. இவர் வேலை கண்காணிப்பது. நகரத்தின் ஒவ்வொரு துறையையும் 4 ஆண்டுக்கு ஒரு முறையாவது தணிக்கை செய்ய வேண்டும். ஒப்பந்தங்கள் இவரிடம் பதிவான பிறகுதான் செல்லும். ஊழியர்களின் 5 ஓய்வூதிய நிதிகளில் இருக்கும் 25,000 கோடி டாலருக்கு மேற்பட்ட பணத்தின் முதலீட்டையும் இவர் அலுவலகமே பார்க்கிறது. நகரத்தின் மீது வரும் நஷ்டஈட்டுக் கோரிக்கைகளைப் பேசி முடிப்பதும் இவர் பொறுப்பு. நீங்கள் தட்ட வேண்டிய கதவு இதுதான். மேயர் நியமித்த ஆளாக இருந்தால் மேயரின் துறைகளைத் துருவ முடியுமா? அதனால்தான் தனித் தேர்தல்.

கணக்கு தெரியுமா என்று கேட்டீர்களே, சட்டப்படி தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமே இல்லை! 2026 ஜனவரியில் பதவியேற்ற மார்க் லெவின், பிராங்க்ஸில் கணிதமும் அறிவியலும் சொல்லிக்கொடுத்த பள்ளி ஆசிரியர். அப்புறம் எளிய மக்களுக்காக ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கி, நகர மன்ற உறுப்பினராகி, மன்ஹாட்டன் போரோவின் (நகரத்தின் ஒரு பெரும்பகுதி) தலைவராக இருந்துவிட்டு இங்கே வந்தவர். அவருக்கு முன்பு இருந்த பிராட் லேண்டர் வீட்டுவசதி, நகரத் திட்டமிடல் துறைகளிலிருந்து வந்தவர். அசல் கணக்கர் வேண்டுமென்றால் ஏப்ரகாம் பீம் இருந்தார். உங்கள் குவீன்ஸில்தான் பள்ளியில் கணக்குப்பதிவியல் நடத்தினார். இரண்டு முறை கம்ப்ட்ரோலர், 1974-இல் மேயர். அடுத்த ஆண்டே நகரத்தின் கடன் பத்திரங்களை வாங்க ஆளில்லாமல் போய், மாநில அரசு வந்து தூக்கிவிட வேண்டியதாயிற்று. என்னைக் கேட்டால், இந்தப் பதவிக்கு ஆள் பார்க்கும்போது பட்டத்தைவிட, மேயரின் முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்கிறவரா என்பதைத்தான் பார்ப்பேன்.

சரி, உங்கள் பணம். இங்கேதான் கஷ்டம். பள்ளம் இருந்தது என்பது மட்டும் போதாது. அந்தப் பள்ளம் பற்றி நகரத்துக்கு முன்பே எழுத்துமூலம் தகவல் போய், 15 நாட்களாகியும் சரிசெய்யவில்லை என்று காட்ட வேண்டும் என்கிறது சட்டம். இந்தச் சட்டம் வந்ததும் நியூயார்க் வழக்கறிஞர்கள் சும்மா இருக்கவில்லை. அந்தத் தகவலை நகரத்துக்குக் கொடுத்துவைக்கத் தாங்களே ஒரு அமைப்பு வைத்து, நடைபாதை நடைபாதையாக ஆளனுப்பி, உடைசல்களை வரைபடத்தில் குறித்து நகரத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். உங்கள் தெருவின் பள்ளத்தைப் பற்றி யாராவது முன்பே புகார் கொடுத்தார்களா, நகரம் எப்போது ஒட்டுப்போட்டது என்ற பதிவுகளைத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் போக்குவரத்துத் துறையிடம் கேட்டு வாங்குங்கள்.

அதற்கு முன் இன்னொரு தடவை அந்த இடத்துக்குப் போய்க் குனிந்து பாருங்கள். பள்ளத்துக்குப் பக்கத்தில் சாலைக்கு அடியில் உள்ள குழியை மூடும் இரும்பு மூடி ஏதும் இருக்கிறதா? மூடியைச் சுற்றி 12 அங்குலம் வரை சாலையைச் சீராக வைத்திருப்பது மூடிக்குச் சொந்தக்காரர் பொறுப்பு. மூடியின் மேலேயே பெரும்பாலும் பெயர் வார்த்திருக்கும். அது மின்சார நிறுவனத்தின் மூடி என்றால் கோரிக்கை அவர்களுக்குப் போக வேண்டும். எதற்கும் நகரத்துக்கும் ஒன்று போட்டுவையுங்கள். மூடியும் பள்ளமும் ஒரே படத்தில் வரும்படி அளவு நாடா வைத்துப் படமெடுங்கள். எந்தத் தெரு, எந்த இரண்டு குறுக்குத் தெருக்களுக்கு நடுவே, எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தீர்கள் என்பதையும் விவரமாக எழுத வேண்டும். மெக்கானிக் பில் கட்டாயம். காப்பீட்டு நிறுவனம் ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால், உங்கள் கையிலிருந்து போன தொகையை மட்டும் கேளுங்கள்.

கம்ப்ட்ரோலர் அலுவலகம் கைவிரித்தாலும், பதிலே வராமல் இழுத்தடித்தாலும், 10,000 டாலர் வரையிலான கோரிக்கைக்குச் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது, வக்கீல் வேண்டியதில்லை. நோட்டீஸ் கொடுத்து 30 நாட்கள் கழித்துப் போகலாம். சம்பவம் நடந்து 1 வருடம் 90 நாட்களுக்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும். நோட்டீஸ் கொடுத்ததற்கான ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள், அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.